மடிப்பு வேலை

இரவு பத்தேகாலுக்கு எட்டாம் எண் டிராம்.
அதற்கு முன் மேசையடியில் குனிந்து
கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்புவேன்.
அதற்கும் எனக்கும் ஒரே ஷிப்ட்.

மகன் விளையாட வாங்கிய பெட்டி.
மத்தோஷ் பிர்னோவுக்குப் படிக்கப் போனபின்
எட்டு மாதம் தூசி தின்றது.
ஈஸ்டருக்கு வந்தவன்
"சும்மாதானே கிடக்கிறது" என்று
எதையோ நிறுவிவிட்டுப் போனான்.
ஏதோ ஒரு ஆய்வகம்
ஒரு புரதத்தை அனுப்புமாம்.
அது எப்படி மடிகிறது என்று
இது ராத்திரியெல்லாம் கணக்குப் போடுமாம்.
சரியாக மடிந்தால் உடம்பு.
தப்பாக மடிந்தால் நோய்.

மடிப்பதைப் பற்றி எனக்கா சொல்கிறாய், என்றேன்.

பதினேழு வருடம்.
மாவை விரி. வெண்ணெய்ப் பாளத்தை நடுவில் வை.
மூன்றாக மடி. கால் வட்டம் திருப்பு. குளிரில் வை.
எடு. விரி. மூன்றாக மடி.
உள்ளங்கைச் சூடு கொஞ்சம் மிஞ்சினாலும்
வெண்ணெய் கசிந்து அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும்.
அடுப்பில் எழாது. அழுதாலும் எழாது.

எதிர் மேசையில் பொகுமிலா.
போன இலையுதிர் காலத்தில்
அவள் வலது கட்டைவிரல்
சில்லறை எண்ணுவதுபோல் தானாக அசையத் தொடங்கியது.
கோணலாக மடிந்த அவள் தட்டுகளை
மேற்பார்வையாளர் வருவதற்குள்
என் தட்டுகளுக்கு அடியில் செருகினேன்.
மூளையில் ஏதோ புரதம்
தப்பாக மடிந்து சேர்கிறது என்றாராம் மருத்துவர்.
"பார்த்தாயா,
ஊருக்கெல்லாம் மடித்தவளுக்கு
உள்ளே மடிக்கத் தெரியவில்லை" என்று சிரித்தாள்.
மாவு பறந்தது.

அவளுக்காகத்தான் என்று நினைக்காதீர்கள்.
மத்தோஷ் வந்தது ஈஸ்டரில்.
விரல் நடுங்கியது அக்டோபரில்.
நான் அணைக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

கீழ்வீட்டு ஹ்ரூபெஷ்
வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டுவார்:
ராத்திரி உங்கள் வீட்டில் யார் உறுமுவது?
மின்கட்டணம் முந்நூற்றி நாற்பது கிரவுன் ஏறியது.
தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.
பெட்டியின் பின்புறம் வரும் வெக்கையில்
காலுறைகள் காய்கின்றன.
அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜனவரியில் பனிமழை.
எங்கள் பக்கத்துக் கம்பிகள் எல்லாம்
கண்ணாடிக் குழல்களாகி அறுந்து விழுந்தன.
இரண்டு நாள் இருட்டு.
கடைசியாகப் பார்த்தபோது தொண்ணூற்றாறு சதவீதம்.
விளக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்தேன்.
கெடு முடிந்தது,
வேலை வேறொருவருக்குத் தரப்பட்டது
என்று ஒரே ஒரு வரி.

தொண்ணூற்றாறு!
யாருக்குக் கொடுத்தார்கள்?
"யாருக்குத் தெரியும்" என்றான் மத்தோஷ், பாதித் தூக்கத்தில்.
"ஒசாகா. மான்டிவீடியோ. விடு அம்மா."

அன்று இரவு முழுக்கக் கோபமாக மடித்தேன்.
கோபமும் கையில் சூடாகத்தான் வருகிறது.
ஒரு தட்டு வீணானது.
மூன்று மணிக்குப் பொகுமிலா பாதியில் நிறுத்தினாள்,
கையை அக்குளில் அழுத்திக்கொண்டு.
அவள் தட்டை இழுத்து நான் முடித்தேன்.
எத்தனையோ இரவு செய்ததுதான்.
பிறகுதான் உறைத்தது.
மான்டிவீடியோவில் ஒருத்தி
இந்நேரம் என் தட்டை
இழுத்திருப்பாள்.
என்னைத் தெரியாமல். திட்டாமல்.
விடியலில் ரொட்டி வாங்க நிற்பவர் யாரும்
எந்த மடிப்பு எவள் கை என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

ஹ்ரூபெஷின் கதவுப்பிடியில்
இரண்டு பன்களைப் பையில் கட்டித் தொங்கவிட்டேன்.
குழாய்ச் சத்தம் நிற்கவில்லை.
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் இல்லை.

பொகுமிலா இப்போது வாரத்தில் மூன்று நாள்தான்.
உள்ளே வந்ததும்
ஹாக்கி ஸ்கோர் கேட்பதுபோல் கேட்கிறாள்:
"எவ்வளவு ஆச்சு?"
"இருபத்திரண்டு."
"மெதுவாகப் போகிறதே."
"குளிரில் வைத்துத்தானே எடுக்கணும்" என்றேன்.
அவள் வலது கையை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு
இடது கையால்
மாவின் ஒரு ஓரத்தைப் பிடித்தாள்.
மறு ஓரத்தை நான்.